நூற்றெண்பதுக்கு ஒரு சம்பந்தம்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபத்தாறு நிமிடம். கல்வராயன் மலையில் சாரல். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. பனியனுக்குள் புகுந்து முதுகைத் தொடுகிற குளிர்காற்று. அந்த நிமிடத்தில் நான், முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தின் வாசலில், இரண்டு கைகளிலும் வெற்றிலை பாக்கை ஏந்திக்கொண்டு, பிரஷர் குக்கர் போல மூச்சு விட்டபடி நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. அறியாப் பருவம்.

அறுபத்திரண்டு வயதுக்காரன் மலைமேல் ஏறி ஓட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பீர்கள். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: சகலை.

என் மனைவி சரோஜாவின் தங்கை கணவர் தணிகாசலம். உளுந்தூர்பேட்டைக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கள்ளக்குறிச்சியில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். (முப்பத்து நான்கு வருடம். எண்ணைக் கண்டால் வாய்விட்டுப் படித்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. முன்னால் போகிற லாரியின் நம்பரைக்கூடப் படித்துவிடுவேன்.) மாமனார் வீட்டில் நான்தான் மூத்த மாப்பிள்ளை. விருந்தென்றால் முதல் இலை எனக்கு. போட்டோ என்றால் நடு நாற்காலி எனக்கு. இந்த ஏற்பாடு பல வருடங்களாக ஒழுங்காக நடந்துவந்தது.

எனக்கும் தணிகாசலத்துக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சர்க்கரை வந்தது. இருவரையும் டாக்டர்கள் நடக்கச் சொன்னார்கள். நடை ஓட்டமாகி, ஓட்டம் மூத்தோர் தடகளப் போட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் வருடம் தணிகாசலம் எனக்கு முன்னால் வந்தார். மறு வருடமும் அப்படியே. மறு வருடம் அவர் ஓடி முடித்து, முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வந்து நின்று என்னை வரவேற்றார்.

"மெதுவா வாங்கண்ணே. ஆரும் உங்களத் தொரத்தல."

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கடுத்த வாரம் மாமனார் வீட்டில் ஒரு காது குத்து விருந்து. என் மைத்துனன் இலைக்கட்டோடு வந்தான். என்னைப் பார்த்தான், தணிகாசலத்தைப் பார்த்தான். "மெடல் வாங்கினவருக்கு மொதல்ல போட்டுடலாம், இன்னா மாமா?" என்று என்னிடமே அனுமதி கேட்டுவிட்டு முதல் இலையை அவருக்குப் போட்டான். பந்தி முழுவதும் சிரித்தது. எனக்கு இரண்டாவது இலை. பாயசம் என்னிடம் வந்து சேர்ந்தபோது அதில் முந்திரி இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சரோஜா சொன்னாள்: "ஓடறதுக்கும் ஒரு மொற இருக்கும்ல. நீங்க ஓடறதப் பாத்தா, கொதிக்கிற சாதத்த எறக்கி வெக்க எடம் தேடற மாதிரி இருக்குது."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என்னிடம் வேகம் இல்லாமல் இல்லை, முறைதான் இல்லை. அடுத்த மாதமே ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது: 'உயர்மலை ஓட்டப் பயிற்சி முகாம். மூன்று நாள். ஓடும் முறையைத் திருத்தித் தருகிறோம். இடம்: கரியாலூர், கல்வராயன் மலை.' ஆவணியில் அடுத்த போட்டி. அதில் தணிகாசலத்தைத் தோற்கடித்து, முதல் இலையை மீட்பது என்று முடிவு செய்தேன். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினேன். போதாதென்று சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். (சிவப்பு நிறத்துக்குத் தள்ளுபடி இருந்தது. ரசனை காரணம் அல்ல.)

பயிற்சியாளர் பெயர் பிரவீண். சென்னைப் பையன், இருபத்தெட்டு வயது. அறுபதைத் தாண்டிய எல்லாரையும் 'அங்கிள்' என்பான். அந்த முகாமில் அறுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மற்றப் பத்துப் பேரும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள்.

உயரமான மலையில் காற்றில் பிராணவாயு குறைவாம். அங்கே ஓடிப் பழகிவிட்டுக் கீழே வந்தால் கால் தானாகப் பறக்குமாம். கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக முக்கிக்கொண்டு ஏறிய பஸ்ஸில் நான் ஒவ்வொரு வளைவிலும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பிராணவாயு குறைந்த மாதிரியே தெரியவில்லை. கட்டிய பணத்துக்கு ஏற்ற உயரம்தானா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

"ஏன் தம்பி, ஊட்டி கொடைக்கானல்லாம் இதவிட ஜாஸ்தி ஒயரமாச்சே. இது கம்மியா இருக்குமே?" என்று பிரவீணிடம் கேட்டேன்.

"உங்க வயசுக்கு இது போதும் அங்கிள்" என்றான்.

சனிக்கிழமை முழுவதும் எங்களை ஓடவிட்டுப் போனில் படம் பிடித்தான். சாயங்காலம் எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினான். என் முறை வந்தது. நான் ஓடுவதை நானே பார்த்தது அதுதான் முதல் தடவை. சரோஜா சொன்னது தப்பு. சாதத்தை இறக்க இடம் தேடுகிறவனுக்குக்கூட ஒரு திசை இருக்கும். என் தலை ஒரு பக்கம் போனது, வயிறு இன்னொரு பக்கம் போனது, தோள் இரண்டும் காதோடு ரகசியம் பேசின. கைகள் மட்டும் யாரையோ குத்தப் போகிற மாதிரி இறுக மூடியிருந்தன.

"ரெண்டே விஷயம் அங்கிள்" என்றான் பிரவீண். "ஒண்ணு, நீங்க கால ரொம்ப நீட்டி நீட்டி வெக்கிறீங்க. சின்னச் சின்ன அடியா, வேகமா வெக்கணும். நிமிஷத்துக்கு நூத்தி எண்பது. அதான் கணக்கு. இப்ப உங்களுக்கு நூத்தி நாப்பத்திரண்டுதான் வருது. ரெண்டாவது, கைய இறுக்கக் கூடாது. ரெண்டு கையிலயும் அப்பளம் இருக்குன்னு நெனச்சுக்குங்க. நொறுங்கக் கூடாது."

நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதுதான் அந்த முகாமில் ஒரே பேச்சு. பல் விளக்கும் இடத்தில் பார்த்தால் 'எவ்ளோ?' என்பார்கள். 'நூத்தி அறுபத்தஞ்சு' என்று பதில் சொல்லிவிட்டு வாய் கொப்பளிப்பார்கள். எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வாழ்நாள் முழுவதும் எண்ணிக்கையிலேயே கழித்தவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் 'நூத்தி எம்பது, நூத்தி எம்பது' என்று வாய்க்குள் ஜபித்துக்கொண்டே ஓடினேன்.

கைதான் ஒத்துழைக்கவில்லை. நினைப்பில் வைத்த அப்பளம் ஒவ்வொரு வளைவிலும் நொறுங்கியது. எனக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. சமையல்காரரிடம் நிஜ அப்பளம் இரண்டு வாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். அந்தச் சாரலில் அது நமுத்துப்போய், கசக்கினாலும் நொறுங்காமல் துணி மாதிரி மடங்கியது. இதை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது?

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. (இந்த யோசனையின் மொத்தச் செலவு கடைசியில் வரும்.) கரியாலூர்ப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கினேன். கைக்கு இரண்டு. அழுத்தினால் கசங்கும், கசங்கினால் தெரியும். காற்றில் பறக்காமல் இருக்க, பாரத்துக்குக் கைக்கொரு கொட்டைப்பாக்கு. பிரவீணிடம் காட்டினேன். "சூப்பர் அங்கிள்" என்றான்.

திங்கட்கிழமை கடைசி ஓட்டம். போக வர எட்டு கிலோமீட்டர். கிளம்பும் முன் பிரவீண் சொன்னது இது: "சுண்ணாம்புல அம்புக்குறி போட்டிருக்கேன். அதப் பாத்துக்கினே போங்க. கடைசில ஒரு வீடு வரும். வாசல்ல தண்ணியோட ஆள் நிப்பாங்க. குடிங்க. எவ்ளோன்னு கேப்பாங்க, உங்க நம்பரச் சொல்லிட்டுத் திரும்பி வாங்க."

சாரலில் சுண்ணாம்பு நிற்குமா? முதல் இரண்டு அம்புக்குறிகள் பால் சிந்தின மாதிரி இருந்தன. மூன்றாவது இல்லவே இல்லை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நான் இடப்பக்கம் திரும்பினேன். மரவள்ளிக் கொல்லை, பலாமரம், ஒரு மேடு. மேட்டின் மேல் ஒரு ஓட்டு வீடு. வாசலில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர், கையில் சொம்பு நிறையத் தண்ணீருடன் நின்றிருந்தார்.

சொன்னபடி வீடு, சொன்னபடி தண்ணீர். சந்தேகப்பட எனக்கு என்ன இருக்கிறது?

"வாங்க, வாங்க. கள்ளக்குறிச்சிலேர்ந்துதானே?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க."

"ஓடியாந்தீங்களா?"

"ஓடித்தானேங்க வரணும்?"

அவர் மனம் நெகிழ்ந்து உள்ளே திரும்பினார். "அண்ணா, பெரியவரு வந்துட்டாரு. ஏழரைக்கு ராவுகாலம் பொறக்குதுன்னு ஓடியாந்துக்கினு இருக்காரு, பாவம்."

ராகு காலத்துக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற அளவுக்கு என் மூளைக்கு அப்போது காற்றுப் போய்ச் சேரவில்லை. (உயரமான மலைதான். பிரவீணைச் சந்தேகப்பட்டது தப்பு.) உள்ளே கூட்டிப்போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். புதுப் பாய் விரித்திருந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்க இத்தனை பேரா, கட்டணம் மூவாயிரத்து ஐந்நூறு ஏன் என்று இப்போது புரிகிறது என நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பெயர் கோவிந்தன் என்று பிற்பாடு தெரிந்தது. வெள்ளை வேட்டியில், தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சொம்புடன் நின்ற அம்மாள் அவர் தங்கை பூங்காவனம்.

"ஒத்தையா வந்துட்டீங்களே. கூட ஆரும் வரலீங்களா?" என்றார் கோவிந்தன்.

"பின்னாடி வராங்க. நான்தான் மொதல்ல" என்றேன் பெருமையாக. வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அதிகம் வாய்ப்புக் கிடைத்ததில்லை.

பூங்காவனம் ஒரு தட்டை நீட்டினார். "கையில இருக்கறத குடுங்க."

முகாமில் கை சோதிக்கக்கூட ஏற்பாடு செய்திருக்கிறார்களே என்று வியந்து, வெற்றிலையையும் பாக்கையும் தட்டில் வைத்தேன். அவர் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். "நல்ல எல. கொஞ்சங்கூட கசங்கல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோவிந்தன் தொண்டையைச் செருமினார். "சரி. நேரா விஷயத்துக்கு வந்துடலாம். எவ்ளோங்க?"

"நூத்தி எம்பது."

மூலையில் இருந்த கிழவர் காதருகே கையை வைத்து, "எவ்ளோன்றாரு?" என்றார்.

"நூத்தி எம்பதாம்."

"ஆயிரத்த உட்டுட்டாரா கேளு."

"ஆயிரமெல்லாம் இல்லீங்க" என்று சிரித்தேன். "ஆயிரம்னா மனுசன் செத்துடுவான். வெறும் நூத்தி எம்பதுதான்."

பூங்காவனம் சமாதானமாகப் பேசினார். "கொஞ்சம் பாத்து ஏத்திச் சொல்லுங்க பெரியவரே."

"இதுவே ஏத்தினதுதாங்க. சனிக்கெழம நூத்தி நாப்பத்திரண்டுதான் இருந்துது. ரெண்டு நாளா மூச்சப் புடிச்சிக்கினு இவ்ளோ தூரம் கொண்டாந்திருக்கேன்."

"ஆரு போட்ட கணக்கு இது?" என்றார் கோவிந்தன். குரல் மாறியிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

"ஒலகம் பூரா இதாங்க கணக்கு. நெட்டையோ குட்டையோ, படிச்சவனோ படிக்காதவனோ, எல்லாத்துக்கும் நூத்தி எம்பது."

"எம் பொண்ணுக்குமா?"

"பொண்ணுங்களுக்கும் அதேதாங்க. அதுல வித்தியாசம் பாக்கறதே இல்ல."

கோவிந்தன் எழுந்தார். கண் சிவந்திருந்தது. (மலைக்காற்று என்று நினைத்தேன்.) "நாட்டுக்கோழி விக்கிற வெலகூட வரல. இந்தாங்க" என்று தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். "எடுத்துக்கினு போங்க."

கோழி எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இலைகள் கசங்காமல் இருந்தன. திரும்பி ஓட வேண்டிய நேரமும் ஆகியிருந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ங்க. நல்லா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க" என்று சொல்லி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, தோளைத் தாழ்த்தி, தலையை நிமிர்த்தி, சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடினேன். என் வாழ்க்கையிலேயே நான் முறையாக ஓடிய ஓட்டம் அதுதான். பின்னால் பூங்காவனம் யாரிடமோ சொன்னது காற்றில் வந்தது: "பேசறதையும் பேசிப்புட்டு எப்டி குதிச்சிக்கினு போவுது பாரு கெழம்."

முகாமில் பிரவீண் என் வெற்றிலைகளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினான். கைதட்டினார்கள். தண்ணீர் வீட்டில் என்னைக் காணவில்லை என்று சமையல்காரர் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

பத்து மணிக்கு ஒரு பெண் முகாம் வாசலுக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். புதுப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். தலையில் வைத்த பூ பாதி உதிர்ந்திருந்தது. நேராக என் சிவப்பு ஷூவைப் பார்த்தாள்.

"நூத்தி எம்பது நீங்கதானே?"

"ஆமாம்மா" என்றேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"நா செல்வி. என்னத்தான் நீங்க நூத்தி எம்பது ரூபாய்க்குக் கேட்டுட்டு வந்தீங்க."

அதற்குப் பிறகு அவள் சொல்லச் சொல்ல, எனக்கு மலை, முகாம், ஷூ எல்லாம் தூரத்தில் போய் நின்றன. அவளுக்கும் கச்சிராயபாளையத்தில் லோடு வேன் ஓட்டுகிற முருகன் என்பவனுக்கும் இரண்டு வருடப் பழக்கம். அப்பா கோவிந்தன் ஒப்புக்கொள்ளவே இல்லை. வேன் ஓட்டுகிறவன் வேண்டாம், மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று நின்றார். அத்தை பூங்காவனம் பேசிப் பேசி, போன மாதம்தான் மனம் இறங்கினார். முருகனுக்கு அப்பா இல்லை. அவனுடைய பெரியப்பா, கள்ளக்குறிச்சியில் இருந்து ஓய்வுபெற்ற சர்க்கார் ஆள், வளர்பிறைத் திங்கட்கிழமை ஏழரைக்குள் வெற்றிலை கொண்டுவந்து வைத்து, பரிசப் பணம் எவ்வளவு என்று சொல்வதாகப் பேச்சு. அங்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் தர வேண்டும். பெரியப்பாவை யாரும் முன்பு பார்த்ததில்லை. நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"நெஜமான பெரியப்பா?" என்றேன்.

"அவரு வந்த பஸ்ஸு லேட்டு. ராவுகாலம் போவட்டும்னு டீக்கடைல குந்தியிருந்துட்டு ஒம்பது மணிக்கு வந்தாரு. அதுக்குள்ள எங்கப்பா குதிகுதின்னு குதிச்சிக்கினு இருந்தாரு. காலைல ஒர்த்தன் வந்து அவமானப்படுத்திட்டுப் போனான், இப்ப ரெண்டாவது ஆளா, பேரம் பேச வந்தியான்னு வாசல்லயே நிக்க வச்சிக் கேட்டுட்டாரு. அவரு ரோசக்காரரு. பத்தரை பஸ்ஸுல எறங்கறேன், இனிமே இந்த மலைய ஏறமாட்டேன்னு போய்க்கினு இருக்காரு." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க ஓடும்போது முதுகுல ஓட்றவன் படம் போட்ட பனியன் தெரிஞ்சுது. அப்பவே எனக்கு சந்தேகம். நா சொன்னா அங்க ஆரும் கேக்கல. அவரு பஸ் ஏறிட்டார்னா முடிஞ்சுதுங்க. எங்கப்பா மறுபடி ஒத்துக்க மாட்டாரு. நீங்க வந்து உங்க வாயால சொல்லுங்க."

மணி பத்து பன்னிரண்டு. பஸ் நிற்கிற இடம் ஒன்றரை கிலோமீட்டர். முகாமில் அப்போது ஒரு சைக்கிள்கூட இல்லை.

ஓடினேன்.

அந்த மூன்று நாளில் கற்றது எதுவும் என்னோடு வரவில்லை. தோள் காதுக்குப் போய்விட்டது. கை இரண்டும் துடுப்புப் போட்டன. வாய் தானாகத் திறந்துகொண்டது. செல்வி பத்தடி முன்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடி, திரும்பித் திரும்பிப் பார்த்து, "வாங்க பெரியவரே, வாங்க" என்றாள். பின்னால் பிரவீண் போனைத் தூக்கிப் பிடித்தபடி, "ஷோல்டர் அங்கிள்! ஷோல்டர எறக்குங்க!" என்று கத்திக்கொண்டு வந்தான். இவன் ஒருவனுக்கு மட்டும் இது இன்னும் பயிற்சிதான்.

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. நான் போய் அதன் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தேன். பேச்சு வரவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"பெருசு, ஏறுனா ஏறு. இல்லாட்டி தள்ளு."

"வெத்தல... வெத்தல..." என்றேன்.

"வெத்தலன்னா கடையில கேளு."

செல்வி அதற்குள் மூன்றாவது ஜன்னலைத் தட்டிவிட்டாள். உள்ளே மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான். என் வழுக்கைதான். எனக்கே அவரைப் பார்த்ததும் என்னைப் போலத்தான் இருந்தது. கோவிந்தன் மேல் குற்றம் சொல்ல முடியாது.

"அந்த நூத்தி எம்பது நீதானா?" என்றார் ஜன்னல் வழியே.

"நான்தாங்க. அது பரிசம் இல்லீங்க. காலடிங்க."

"இன்னாது?"

"நிமிசத்துக்கு நூத்தி எம்பது அடி. ஓடும்போது. அதத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சிச் சொல்லிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிமிசத்துக்கு நூத்தி எம்பது அடிய எவன்யா எண்ணுவான்? சம்பந்தத்தக் கெடுக்கணும்னு ஆரோ அனுப்பின ஆளு நீ."

"சத்தியமா இல்லீங்க."

"அப்ப ஓடிக் காட்டு."

பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். டிரைவர், "ரெண்டு நிமிசம்தான், சீக்கிரம்" என்று என்ஜினை அணைத்தார். கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார். நான் நடுரோட்டில், நின்ற இடத்திலேயே ஓடினேன். பஸ் முழுவதும் ஒரே குரலில் எண்ணியது. ஐம்பதில் எனக்குக் கண் இருண்டது. நூறில் ஒரு கிழவி, "உட்ருங்கடா, செத்துகித்துப் போவப் போறாரு" என்றாள். யாரும் விடவில்லை. கண்டக்டர் மறுபடி விசில் ஊதியபோது பஸ் சொன்ன எண் நூற்று ஐம்பத்தொன்று.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்பது தெரிந்தது.

"நூத்தி எம்பதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நூத்தி அம்பத்தொண்ணுதான் குடுக்கற. பேச்சுல நிக்க மாட்டியாய்யா நீ?" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் பையுடன் இறங்கினார்.

மறுபடியும் அந்த மேட்டு வீடு. கோவிந்தன் முதலில் நம்பவில்லை. பிரவீண் போனில் என்னுடைய சனிக்கிழமை ஓட்டத்தைப் போட்டுக் காட்டினான். அதைப் பார்த்த பிறகு, இந்த மனிதன் யாரையும் திட்டமிட்டு ஏமாற்றக்கூடியவன் அல்ல என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆனாலும் ஒரு சிக்கல். அந்த வீட்டில் அன்று வைத்த வெற்றிலை திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. மூலையில் இருந்த கிழவர் காதிலிருந்து கையை எடுத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"எடுத்துக்கினு போனவன்தான் மறுபடி கொண்டாந்து வெக்கணும். தெண்டமும் கட்டணும். இனிமே இந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா, வெத்தல வச்சவன்னு இந்தாளும் வந்து நிக்கணும். சும்மா வந்து சும்மா போற வேலையெல்லாம் கெடையாது."

தலையாட்டினேன். ஐந்நூற்று ஒரு ரூபாய் தெண்டம் கட்டினேன். பெரியப்பா கொண்டுவந்த வெற்றிலையைத் தட்டில் வைத்தேன். அவர் தொகையை என் காதில் சொன்னார். நான் வாய்விட்டுச் சொன்னேன். கோவிந்தன் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். (எண்களை மறைத்துப் பழக்கமில்லை எனக்கு. இருந்தாலும் அது அவர்கள் வீட்டு விஷயம்.) கதவோரத்தில் செல்வி உதிர்ந்த பூவை எடுத்துவிட்டு வேறு பூ வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும். எனக்கும் பெரியப்பாவுக்கும் ஒன்றாகவே பரிமாறினார்கள்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் விவரமாகச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்கவில்லை. பாதியிலேயே போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டுவிட்டாள். "ஓடக் கத்துக்கப் போறேன்னு போனவரு, பொண்ணு நிச்சயம் பண்ணிட்டு வந்து நிக்கறாருடி."

எதிர்முனையில் ஒரே ஒரு கேள்வி: "ஆருக்குக்கா?"

கல்யாணம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூத்தோர் போட்டியும் அதே ஞாயிற்றுக்கிழமை. கிழவரிடம் தலையாட்டியவன் நான். மலையேறிவிட்டேன். அந்த வருடமும் தணிகாசலமே ஜெயித்தார். மறு வருடம் எனக்கு முழங்கால் போய்விட்டது. முதல் இலை அவரிடமே நிலைத்துவிட்டது.

பத்து வருடமாகியும் எங்கள் வீட்டில் எந்தச் சுபகாரியம் பேச உட்கார்ந்தாலும் தணிகாசலம்தான் ஆரம்பிப்பார்: "முதல்ல அண்ணன் கையில வெத்தல எதுனா இருக்குதா பாருங்க. இருந்தா வாங்கி வச்சிடுங்க." குழந்தைகள்கூடச் சிரிக்கும். போன வருடம் என் பேத்திக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே சொன்னார். அவர்களுக்குப் புரியாததால் கதை முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. பஸ் முன்னால் ஓடிய பகுதியை நடித்தும் காட்டினார். (நன்றாகத்தான் ஓடுகிறார்.) பிரவீண் இன்னும் முகாம் நடத்துகிறானாம். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய படத்தை ஒவ்வொரு முகாமிலும் முதல் நாள் காட்டுகிறான் என்று கேள்வி. எதற்காகக் காட்டுகிறான் என்று நான் விசாரிக்கவில்லை.

செல்வியும் முருகனும் கச்சிராயபாளையத்தில் நன்றாக இருக்கிறார்கள். வேன் இப்போது இரண்டாகிவிட்டது. பிள்ளைகளும் இரண்டு. மூத்தவளுக்குக் காது குத்தியபோது மூன்றரை கிராமில் தோடு எடுத்துப்போனேன். ஒன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது ஆயிற்று. சென்ற மாதம் சின்னவனுக்குக் காது குத்து. ஒருவருக்குச் செய்து ஒருவருக்குக் குறைக்கக் கூடாதென்று சரோஜா சொல்லிவிட்டதால் அதே மூன்றரை கிராம். அதற்கு முப்பத்து நாலாயிரத்து அறுநூறு. காதில் அதைப் போட்டபோது சின்னவன் அழுதான். நானும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தேன்.

நேற்றுச் செல்வி போன் செய்தாள். மூன்றாவது வருகிறதாம். "வெத்தல வச்சவருக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றாள். சரோஜா போனைப் பிடுங்கிச் சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷம்தான் படுகிறேன். ஆனால் அதற்கு முன் தங்கம் விலையைப் பார்த்துவிட்டு வந்தேன். பயிற்சிக் கட்டணம், ஷூ, தெண்டம், கல்யாணத்துக்கு வைத்த குத்துவிளக்கு, இரண்டு ஜோடித் தோடு, போக வர பஸ் செலவு எல்லாம் சேர்த்து, இன்றைய தேதி வரைக்கும் ஐம்பத்தொன்பதாயிரத்துப் பத்து ரூபாய்.